படிக்கப் போகும் பிள்ளையோடு காரும் போகலாமா?



பிள்ளைக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்ததும் தோட்டத்து வீட்டில் என்னென்ன பேச்சு எழும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பணத்துக்கு என்ன வழி, தங்குவது எங்கே, அங்குள்ள சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். இப்போது இவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. வாசலில் நிற்கும் காரையும் பிள்ளை கையோடு கொண்டு போய்விட்டால் என்ன என்பதுதான் அது.

ஒரு காலத்தில் லயத்து வீட்டு வாசலில் சைக்கிள் நின்றாலே பெரிய காரியம். 1985ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா வெளிவந்தது. அதன் பிறகு மெல்ல மெல்லப் பழைய கார்கள் கைமாறிக் கைமாறித் தோட்டத்துக்குள்ளும் வந்து சேர்ந்தன. ஆகவே இந்தக் கேள்வியை யாரும் ஆடம்பரக் கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம். கஷ்டப்பட்டு வாங்கிய பொருள் பிள்ளையின் படிப்புக்கு உதவட்டும் என்று பெற்றவர்கள் நினைப்பது இயற்கைதானே.

நாங்கள் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டம். தகப்பனார் லோரி ஓட்டுகிறார். மகனுக்குச் சிங்கப்பூரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வீட்டில் பதினைந்து வயதான ஒரு சாகா இருந்தது. அதை வைத்துத்தான் அந்த வீடே நடமாடியது. தோட்டத்துக்குள் பஸ் வராது. சந்தைச் சாமான் வாங்குவதும் அந்தக் காரில்தான். தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்துக்கு மூன்று முறை பட்டணத்துக்குப் போய் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்டு வருவதும் அந்தக் காரில்தான்.

இருந்தும் தகப்பனார் மகனைக் கூப்பிட்டு, “காடிய நீயே எடுத்துக்கிட்டுப் போய்யா. வெளியூர்ல நீ நடந்து திரியக் கூடாது. அம்மாவுக்கு நான் வேற ஏற்பாடு பாத்துக்கிறேன்” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. நான்கு டயரையும் புதிதாக மாற்றினார். டைமிங் பெல்ட்டு மாற்றினார். இருக்கைகளுக்கு உறையும் வாங்கிப் போட்டார். இத்தனையும் செய்து முடித்த பிறகுதான், நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாக இதைச் சொன்னார்.

அவர் கேட்ட முதல் கேள்வி, “அண்ணே, தம்பி அங்கேயே தங்கிப் படிக்கப் போறானா, இல்ல போய்ட்டுப் போய்ட்டு வரப் போறானா?” என்பது. தங்கத்தான் போகிறான் என்றார் தகப்பனார். “அப்படின்னா காடி போக முடியாதுண்ணே.”

தகப்பனாருக்கு நம்பிக்கை வரவில்லை. விடுமுறை நாட்களில் நம் ஊர்க் கார்கள் வரிசை வரிசையாகப் பாலத்தைத் தாண்டிப் போவதை அவர் பார்த்திருக்கிறார். அந்தக் கார்களெல்லாம் போகும்போது நம் கார் மட்டும் ஏன் போகக்கூடாது? நியாயமான சந்தேகம்தான். பலரும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

பாலத்தைத் தாண்டும் காரில் ஜொகூர் எண் பலகை இருக்கிறதா, கோலாலம்பூர் எண் பலகை இருக்கிறதா என்பது பெரிதல்ல. காரை ஓட்டுகிறவர் எங்கே குடியிருக்கிறார் என்பதுதான் முக்கியம். வெளிநாட்டில் பதிவான கார் சிங்கப்பூருக்குள் வரலாம் என்ற சலுகை, வந்து போகிறவர்களுக்காக ஏற்பட்டது. சிங்கப்பூரில் குடியிருப்பவர், அவர் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், வெளிநாட்டுப் பதிவுள்ள காரை அங்கே வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. நம் பிள்ளை மாணவர் அனுமதி அட்டை பெற்று, அங்கே அறை எடுத்துத் தங்கத் தொடங்கிவிட்டால், அவனும் குடியிருப்பவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறான். நேற்றுவரை விருந்தாளியாக ஓட்டிப் போன அதே காரை இன்று அவன் ஓட்டினால் குற்றமாகிவிடுகிறது. காரில் ஒரு மாற்றமும் இல்லை. ஆளின் நிலைதான் மாறிவிட்டது.

இப்படி ஒரு கட்டுப்பாடு ஏன் என்று கேட்கலாம். அது சின்னத் தீவு. சாலைகள் நிறைந்துவிடக் கூடாது என்று 1990ஆம் ஆண்டிலிருந்து அங்கே கார் வைத்துக்கொள்வதற்கே ஓர் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. சிறிய கார்களுக்கே 100,000 வெள்ளிக்கு மேல் போயிற்று. இது காரின் விலை அல்ல, காரை வைத்துக்கொள்ளும் உரிமையின் விலை. அங்கே குடியிருப்பவர் இவ்வளவு பணம் கட்டும்போது, பக்கத்து அறையில் குடியிருக்கும் இன்னொருவர் மலேசியக் காரைக் கொண்டு வந்து ஒன்றும் கட்டாமல் ஓட்டினால் அந்த ஏற்பாடே குலைந்துவிடும் அல்லவா?

சரி, நம் காரை முறையாக இறக்குமதி செய்து அங்கேயே பதிந்துவிட்டால் என்ன என்று கேட்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். பழைய காராக இருந்தால் அது மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் சுங்கத் தீர்வை, பதிவுக் கட்டணம், முன்னே சொன்ன சான்றிதழ். பதினைந்து வயதுச் சாகாவைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

அந்தத் தகப்பனார் எளிதில் விட்டுக்கொடுக்கிறவர் அல்லர். இரண்டாவது யோசனை ஒன்று வைத்திருந்தார். மகன் சிங்கப்பூரில் தங்க வேண்டாம், ஜொகூர் பாருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு தினமும் காரில் போய்வரட்டும் என்றார். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஜொகூரிலேயே குடியிருந்து போய்வருகிறவர்களுக்கு முன்னே சொன்ன தடை இல்லை. வண்டியை முன்னதாகவே சிங்கப்பூர்த் தரைப் போக்குவரத்து ஆணையத்தில் பதிந்து, அதற்குரிய அட்டையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பிறகு கணக்குப் போட வேண்டும். அந்தக் குடும்பம் கணக்குப் போட்டது. நீங்களும் எங்களோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டுக் கார் உள்ளே நுழைவதற்கு நாளொன்றுக்கு 35 சிங்கப்பூர் வெள்ளி கட்டணம். ஆண்டுக்கு 10 நாட்கள் இலவசம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் கட்டணம் இல்லை. மற்ற நாட்களில் மாலை 5 மணிக்கு மேல் நுழைந்து பின்னிரவு 2 மணிக்குள் திரும்பினாலும் கட்டணம் இல்லை. ஆனால் கல்லூரி காலையில் அல்லவா தொடங்குகிறது? ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குக் கிடைக்கும் சலுகை மாணவனுக்குக் கிடைப்பதில்லை. மாதத்துக்கு 20 நாள் வகுப்பு என்று வைத்துக்கொண்டால் 700 சிங்கப்பூர் வெள்ளி ஆகிறது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட் என்று குறைத்தே போட்டாலும் 2,100 ரிங்கிட். நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஆக, தோட்டத்தில் ஒருவர் ஒரு மாதம் முழுக்க உழைத்தால் கிடைக்கும் அந்தச் சம்பளம், கார் பாலத்தைத் தாண்டும் கட்டணத்துக்கே போதாது. ஒவ்வொரு முறை நுழையும்போதும் கட்ட வேண்டிய 6 வெள்ளி 40 காசு சாலைக் கட்டணத்தையும், டோலையும், சில சாலைகளில் நெரிசல் நேரத்தில் பிடிக்கப்படும் பணத்தையும், கார் நிறுத்தும் கட்டணத்தையும், பெட்ரோலையும் நாங்கள் இன்னும் சேர்க்கவே இல்லை.

மோட்டார் சைக்கிளுக்கு நுழைவுக் கட்டணம் நாளுக்கு 4 வெள்ளிதான். ஆயிரக்கணக்கான மலேசியர்கள் விடியுமுன்னே எழுந்து மோட்டார் சைக்கிளில் போய்வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மழையிலும் நெரிசலிலும் நாள்தோறும் இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சாவடிகளைக் கடந்து போய், வகுப்பில் உட்கார்ந்து படித்து, மறுபடி அதே பாதையில் திரும்பி வரும் பிள்ளைக்குப் பாடம் படிக்க எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பதைப் பெற்றோர்தாம் யோசிக்க வேண்டும். எங்கள் எண்ணத்தில், முடிந்தவரை அதைத் தவிர்ப்பதே நல்லது. தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அங்குள்ள பஸ்ஸும் இரயிலுமே போதுமானவை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூர் அரசாங்கத்தின் கல்விக் கட்டண மானியத்தை ஏற்றுக்கொள்ளும் வெளிநாட்டு மாணவர்கள், படிப்பு முடிந்ததும் மூன்று ஆண்டுகள் அங்குள்ள நிறுவனங்களில் வேலை செய்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆக, மூன்றாண்டுப் படிப்பு என்று கிளம்பும் பிள்ளை ஆறு ஆண்டுகள் அங்கே இருக்கக்கூடும். காரைப் பற்றி முடிவு செய்யும்போது இந்தக் காலத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்புறுதி பற்றி இரண்டு வார்த்தை. நம் நாட்டுக் கார்க் காப்புறுதி மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் புருணைக்கும் பொதுவாகச் செல்லும். தாய்லாந்துக்குச் செல்லாது. சிங்கப்பூருக்குச் செல்லும் என்றாலும், காரில் ஏறியிருப்பவர்களுக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்பையும் அந்தக் காப்புறுதி ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் அதைத் தனியாகக் கேட்டு, கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரிலோ அது கட்டாயம். குடும்பத்தோடு ஒரு நாள் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கார் கடன் தீராமல் இருந்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. தவணை கட்டி முடியும்வரை கார் முழுமையாக உங்களுடையது ஆகாது. கடன் கொடுத்தவரின் உரிமை பதிவில் குறிக்கப்பட்டிருக்கும். நாட்டுக்கு வெளியே நிரந்தரமாக வண்டியைக் கொண்டு செல்ல நினைப்பவர் முதலில் கடன் ஒப்பந்தத்தை எடுத்து, எழுத்துத் தெரிந்த பிள்ளையை விட்டு வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, கடன் கொடுத்தவரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்காமல் காரை நகர்த்தக் கூடாது.

சிங்கப்பூர் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கடல் கடந்து போகிறவர்களின் கதை வேறு. நம் பிள்ளைகள் பலர் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகிறார்கள். அங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நம் காரைப் போலவே அங்கேயும் ஸ்டீயரிங் வலப்பக்கம்தான். கப்பலில் ஏற்றி அனுப்பிவிடலாமே என்று நினைக்கத் தோன்றும்.

அங்கே 2021ஆம் ஆண்டு ஜூலையிலிருந்து முழுமையாக நடப்பில் இருக்கும் சாலை வாகனத் தரச் சட்டத்தின்படி, கார் கப்பல் ஏறுவதற்கு முன்பே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். கார் போய் இறங்கிய பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தால், துறைமுகத்தில் கிடந்து வாடகை ஏறும். அனுமதி மறுக்கப்பட்டால் சொந்தச் செலவில் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், இல்லையென்றால் அழித்துவிடுவார்கள். சொந்தக் காரைச் சொந்தப் பொருளாகக் கொண்டுவரும் வழி ஒன்று அங்கே உண்டு. ஆனால் அது, காரை வெளிநாட்டில் குறைந்தது 12 மாதங்கள் வைத்திருந்து, ஆஸ்திரேலியக் குடிமக்களாகவோ நிரந்தரமாகக் குடியேறும் உரிமை பெற்றவர்களாகவோ அதற்கு விண்ணப்பித்தவர்களாகவோ இருப்பவர்களுக்கு உரியது. மாணவர் விசாவில் போகிற பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. பிணைப் பணம் கட்டி, மோட்டார் சங்கங்கள் கொடுக்கும் சுங்கப் பத்திரத்தோடு தற்காலிகமாகக் கொண்டு போகலாம் என்றாலும், அதற்கு 12 மாதங்கள்தாம் கெடு. மூன்று ஆண்டுப் படிப்புக்கு ஒரு வருடக் கார் என்ன பயன் தரும்?

அந்த நாட்டில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. தோட்டத்தில் இருக்கும் நாம் அதைக் கேட்டால் கொஞ்சம் சிரிப்போம். வெளிநாட்டு மண், விதை, பூச்சி எதுவும் தங்கள் நாட்டுக்குள் வந்து பயிர்களைக் கெடுத்துவிடக் கூடாது என்று அவர்கள் மிகக் கவனமாக இருக்கிறார்கள். காரைக் கவிழ்க்காத குறையாக அடியில் படுத்துப் பார்ப்பார்கள். நம் தோட்டத்துச் செம்மண் சாலையில் பல வருடம் ஓடிய காரின் மட்கார்டுக்குள் எவ்வளவு மண் அப்பியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாரா வாரம் கழுவினாலும் அது போகாது. அந்த மண்ணெல்லாம் போகும்வரை உரிமையாளரின் செலவில் கழுவித்தான் காரை வெளியே விடுவார்கள். பழைய கார்களின் பிரேக் பட்டையிலும் கேஸ்கட்டிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். 2003ஆம் ஆண்டு இறுதியிலிருந்து அங்கே அது முற்றாகத் தடை செய்யப்பட்ட பொருள். நுரையீரலைக் கெடுக்கும் நார் அது என்பதால் அந்தத் தடையில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பிரிட்டன், நியூசிலாந்து, இந்தியா ஆகிய நாடுகளிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அமெரிக்கா, கனடா, தைவான், ரஷ்யா, எகிப்து ஆகிய நாடுகளில் வலப்பக்கம். அந்த நாடுகளில் நம் காரில் உட்கார்ந்தால், முன்னால் போகும் லோரியை முந்துவதற்கு எதிரே வருவது என்னவென்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறோம்.

அப்படியானால் கார் வைத்திருக்கும் பிள்ளை வெளிநாடு போகும்போது என்னதான் செய்வது? கார் பிள்ளையின் பெயரில் இருந்து, வீட்டில் வேறு யாராவது அதை ஓட்டப் போகிறார்கள் என்றால், பிள்ளை புறப்படுவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றிவிடுவது நல்லது. பிள்ளை கடல் கடந்து போன பிறகு அவன் ஒப்புதல் தேவைப்படும் ஒவ்வொரு காரியமும் இழுபறியாகும். ஓட்ட ஆளில்லை என்றால் விற்றுவிடுங்கள். சும்மா நிற்கும் காரைப் போலச் செலவு வைப்பது வேறில்லை. பேட்டரி செத்துப் போகும், டயர் வெடிப்பு விடும், நம் ஊரில் எலி வேறு ஒயரைக் கடித்து வைக்கும்.

விற்றாலும் பிள்ளை இழக்கத் தேவையில்லாதது ஒன்று உண்டு. விபத்து இழப்பீடு கோராமல் ஓட்டியவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கொடுக்கப்படும் கழிவைச் சொல்கிறோம். ஐந்து வருடம் இழப்பீடு கோராத தனியார் கார் உரிமையாளருக்கு அது 55 விழுக்காடு வரை போகும். அந்தக் கழிவு காருக்கு உரியது அல்ல, ஆளுக்கு உரியது. விற்கும்போது காப்புறுதி நிறுவனத்திடம் அதற்கு ஒரு கடிதம் எழுதி வாங்கி, சான்றிதழ்களோடு சேர்த்துப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். லைசென்சைப் புதுப்பித்துக்கொண்டு போகட்டும். தூர நாட்டுக்குப் போகிறவர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளலாம். நண்பரின் காரையோ வாடகைக் காரையோ ஓட்ட நேர்ந்தால் அது உதவும். சிங்கப்பூரில் 12 மாதங்களுக்கு மேல் தங்குகிறவர், அங்கே ஓட்ட விரும்பினால், அந்த ஊர் லைசென்சாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குச் சாலை விதிகள் பற்றிய ஓர் எழுத்துத் தேர்வும் உண்டு.

இனி அந்தக் குடும்பத்துக்கு வருவோம். கணக்கெல்லாம் போட்டு முடித்த அன்று தகப்பனார் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பிள்ளைக்குக் கொடுக்க என்னிடம் இருந்ததே அது ஒன்றுதானே என்று தாயாரிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். இதை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலமும் சொந்த வீடும் இல்லாமல் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு, பெயர் போட்டுப் பதிந்த சொத்து என்று இருப்பது பல நேரங்களில் அந்தக் கார் ஒன்றுதான். மறுநாள் மகன்தான் சொன்னான்: “அப்பா, காடி இங்கேயே இருக்கட்டும். அம்மாவ வாரம் மூணு தடவ ஏத்திட்டுப் போக ஆள் தேடுறதுக்கு, எனக்கு பஸ் காசு குடுங்க, போதும்.” தாயார் ஒன்றும் பேசவில்லை. கார் போய்விட்டால் தன்பாடு என்னவாகும் என்று அவர் அதுவரை ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை என்பதை அப்போதுதான் தகப்பனார் கவனித்தாராம்.

கல்லூரி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, புது டயர் போட்ட அதே காரில் மூவரும் ஜொகூர் பாரு லார்க்கின் பஸ் நிலையத்துக்குப் போனார்கள். மகன் இரண்டு பெட்டிகளையும் ஓர் அரிசிப் பையையும் இறக்கிக்கொண்டு சிங்கப்பூர் பஸ்ஸில் ஏறினான். தாயாருக்கு அன்று மாலை 4 மணிக்குச் சிகிச்சை. ஆகவே அவர்கள் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

அடுத்த உரையில், வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு மாதா மாதம் பணம் அனுப்பும் வழிகளைப் பற்றிப் பேசுவோம்.